உயரத்தின் வர்க்கம்: ஓர் எண்ணின் வரலாறும் நம் உடல்களும்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் இப்போதெல்லாம் அவ்வப்போது மருத்துவ முகாம் நடக்கிறது. வெளிநாட்டு பையரின் ஆடிட் வருவதற்கு முன்போ, மகளிர் தினத்தை ஒட்டியோ ஒரு நாள் ஒதுக்குகிறார்கள். ஒரு மேசை, எடை மிஷின், சுவரில் ஒட்டிய உயர அளவுகோல், பிரஷர் பார்க்கும் கருவி. செக்கிங் பெண்களும் கைமடிக்கும் பெண்களும் ஓவர்லாக் டைலர்களும் பத்துப் பத்துப் பேராக வரிசையில் வருகிறார்கள். இரண்டு நிமிடத்தில் கையில் ஒரு சீட்டு வந்துவிடும். எடை, உயரம், பி.எம்.ஐ. என்று ஓர் எண், பக்கத்தில் 'நார்மல்' அல்லது 'ஓவர்வெயிட்'. அவ்வளவுதான். திரும்பவும் டேபிளுக்குப் போய்விட வேண்டும்.

அப்படி ஒரு முகாம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, லைன் வீட்டு வாசலில் பெண்களோடு உட்கார்ந்திருந்தோம். செக்கிங்கில் இருக்கும் ஓர் அக்கா தன் சீட்டை நீட்டினார். உயரம் 145 சென்டிமீட்டர், எடை 40 கிலோ, பி.எம்.ஐ. 19. நார்மல். "ஏனுங்க, நார்மல்னு போட்டிருக்குது. அப்புறம் ஏனுங்க ரெண்டு மாடி ஏறுனா கண்ணு இருட்டிக்கிட்டு வருது?" என்று கேட்டார். பக்கத்து வீட்டு டைலர் அக்காவின் சீட்டில் ஓவர்வெயிட். சோற்றைக் குறைக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். "மூணு வேளையும் சோறு தின்னாத்தானுங்களே கொறைக்கறதுக்கு" என்று சிரித்தார்.

இந்த இரண்டு கேள்விகளையும் நாங்கள் எங்களோடு எடுத்து வந்தோம். உடல் நிறைக் குறியீட்டெண் என்று பாடநூலில் எழுதப்படும் இந்த எண் எங்கிருந்து வந்தது? யாருடைய உடலை வைத்து உருவானது? நம்மைப் போன்றவர்களின் உடலை இதற்கு முன் யார், எதற்காக அளந்தார்கள்? பதில் தேடிப் போனபோது கிடைத்ததை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

வானியலாளர் கண்ட சராசரி மனிதன்

கணக்கு எளிது. எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீட்டரில் எடுத்து, உயரத்தின் வர்க்கத்தால் எடையை வகுக்க வேண்டும். 1.45ஐ 1.45ஆல் பெருக்கினால் 2.10. நாற்பதை 2.10ஆல் வகுத்தால் 19.

இந்தக் கணக்கின் மூலவர் மருத்துவர் அல்லர். அடால்ப் கெட்லே, 1796இல் பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் பிறந்த வானியலாளர், புள்ளியியலாளர். வானத்துக் கோள்களை அளக்கப் பயன்படுத்திய முறைகளை மனிதக் கூட்டத்தின் மீது பயன்படுத்திப் பார்த்தவர். வளர்ந்த மனிதர்களின் எடை, உயரத்தின் வர்க்கத்தை ஒட்டியே கூடுகிறது என்பதை 1830களில் அவர் கண்டார். 1835இல் வெளிவந்த அவருடைய நூல் 'சராசரி மனிதன்' என்ற கருத்தை உலகுக்குத் தந்தது. அவர் அளந்தது ஐரோப்பியர்களை. யார் குண்டு, யார் ஒல்லி, யார் நோயாளி என்று சொல்வது அவருடைய நோக்கமாக இருக்கவில்லை. ஒரு மக்கள் தொகையின் பொது இயல்பைத் தெரிந்துகொள்வதே நோக்கம்.

ஆனால் சராசரி என்பது வெறும் கணக்காக நிற்கவில்லை. கெட்லேவுக்கே சராசரி மனிதன்தான் இலட்சிய மனிதன். அதிலிருந்து விலகுவது பிழை. அடுத்த தலைமுறையில் இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்டன் இந்தப் புள்ளியியலை எடுத்துக்கொண்டு, மனிதர்களை மேலானவர் கீழானவர் என்று வரிசைப்படுத்தினார். 'நல்ல இனத்தை' மட்டும் பெருக்க வேண்டும் என்ற கொள்கைக்கு 1883இல் அவர் யூஜெனிக்ஸ் என்று பெயர் வைத்தார். பிறப்பால் உயர்வு தாழ்வு என்பது நமக்குப் புதிய செய்தி இல்லை. ஐரோப்பாவில் அதற்கு அளவுகோலும் வரைபடமும் கிடைத்தன என்பதுதான் புதிது.

ஒரு பவுண்டு தானியம்

இதே காலத்தில் நம் ஊர்ப் பக்கமும் உடலைக் கணக்குப் பார்த்தார்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. அதைத் தாது வருஷப் பஞ்சம் என்று நம் கிழவிகள் சொல்லக் கேட்டிருக்கிறோம். இன்றைய திருப்பூர் அன்று கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டமும் பஞ்சத்தில் கடுமையாக அடிபட்டது. நிலமில்லாதவர்களே முதலில் விழுந்தார்கள். நிலமில்லாதவர்கள் யார் என்பதை இந்தப் பக்கத்தில் எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

1877 தொடக்கத்தில் வைஸ்ராய் லிட்டன், செலவைக் குறைப்பதற்காக ரிச்சர்ட் டெம்பிளை இங்கே அனுப்பினார். நிவாரண வேலையில் கல் உடைக்கும் ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம், கூடவே ஓரணா போதும் என்றார் டெம்பிள். பெண்ணுக்கும் வேலை செய்யும் பிள்ளைக்கும் அதைவிடக் குறைவு. மாகாணத்தின் சுகாதார ஆணையர் வில்லியம் கார்னிஷ் இதை எதிர்த்தார். கடும் உழைப்பு செய்யும் உடலுக்கு ஒன்றரைப் பவுண்டு தானியமாவது வேண்டும், பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று வாதாடினார். மார்ச் மாதத்தில் சென்னை அரசு பாதி வழிக்கு இறங்கி வந்தது: 570 கிராம் தானியம், 43 கிராம் பருப்பு. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் இந்தப் பஞ்சத்தில் இறந்தவர்கள் சுமார் 55 லட்சம் பேர் என்று மதிப்பிடுகிறார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. டெம்பிளும் கணக்குப் போட்டார், கார்னிஷும் கணக்குப் போட்டார். எவ்வளவு குறைவாகக் கொடுத்தால் ஓர் உடல் வேலையில் நிற்கும் என்பது ஒருவர் கணக்கு. எவ்வளவு கொடுத்தால் அந்த உடல் பிழைக்கும் என்பது மற்றவர் கணக்கு. அளப்பவர் எதற்காக அளக்கிறார் என்ற கேள்வி அன்றிலிருந்தே நம்மோடு இருக்கிறது.

மூக்கை அளந்தவர்களும் அண்ணலும்

பஞ்சம் முடிந்து சில ஆண்டுகளில் மூக்கை அளக்க வந்தார்கள். 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹெர்பர்ட் ரிஸ்லி, மூக்கின் அகலத்தையும் நீளத்தையும் அளந்து சாதிகளை வரிசைப்படுத்தினார். மூக்கு அகன்றால் சாதி தாழ்வு, குறுகினால் உயர்வு என்பதுதான் அவருடைய 'விதி'. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன், கவைக்கோலை வைத்துத் தென்னிந்தியச் சாதிகளின் தலையையும் மூக்கையும் உயரத்தையும் அளந்தார். அவர் ரங்காச்சாரியோடு சேர்ந்து எழுதிய ஏழு தொகுதிகள் 1909இல் வந்தன. இன்றைக்கும் பலர் தம் சாதிப் பெருமை பேசுவதற்கு அந்தத் தொகுதிகளைத்தான் புரட்டுகிறார்கள்.

இந்த அளவைகளை அண்ணல் அம்பேத்கர் என்ன செய்தார் என்பது நமக்கு ஒரு பாடம். 1948இல் வெளியிட்ட 'தீண்டத்தகாதவர்கள்' பற்றிய நூலில் அவர் இந்த எண்களைத் தூக்கி எறியவில்லை. சமூகவியலாளர் குர்யே தொகுத்திருந்த மூக்களவைகளை எடுத்து, மாகாணம் மாகாணமாக வைத்துக் காட்டினார். பார்ப்பனர்களின் அளவும் தீண்டப்படாதவர்களின் அளவும் தனித்தனி இனங்கள் என்று சொல்லும்படி இல்லை. ஆகவே, தீண்டாமைக்குக் காரணம் இன வேறுபாடு என்ற கதை நிற்காது என்று நிறுவினார். நம்மைத் தாழ்த்துவதற்காக எடுத்த அளவை, நம்மைத் தாழ்த்தியவர்களின் பொய்யை உடைக்கப் பயன்பட்டது. எண்ணைக் கண்டு ஒதுங்கக் கூடாது, எண்ணை மட்டும் நம்பிவிடவும் கூடாது என்பதை அதிலிருந்து கற்கிறோம்.

காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து முகாம் சீட்டு வரை

இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் அமெரிக்க ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிகள் உயர எடைப் பட்டியல்களைப் போட்டன. யாருக்கு எவ்வளவு பிரீமியம் வாங்கலாம் என்று முடிவு செய்வதற்காக. காப்பீடு எடுக்க வசதி இருந்தவர்களின் உடல்தான் அந்தப் பட்டியல்களில் இருந்தது. அவை சரியில்லை என்று கருதிய ஆன்செல் கீஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், 1972இல் கெட்லேவின் பழைய கணக்கைத் தூசி தட்டி எடுத்து அதற்கு பாடி மாஸ் இன்டெக்ஸ் என்று பெயர் வைத்தார். அவரும் அவருடைய குழுவும் பார்த்தது அமெரிக்கா, பின்லாந்து, இத்தாலி, ஜப்பான், தென்னாப்பிரிக்கா ஆகிய ஐந்து நாடுகளின் சுமார் 7,400 ஆண்களை. அதில் ஒரு பெண்கூட இல்லை. இந்தியாவும் இல்லை.

1990களில் உலக சுகாதார நிறுவனம் கோடுகளை உறுதி செய்தது. 18.5க்குக் கீழே மெலிவு, 25க்கு மேல் கூடுதல் எடை, 30க்கு மேல் உடல் பருமன். பிறகு, ஆசிய உடல்களில் குறைந்த எண்ணிலேயே சர்க்கரையும் இதய நோயும் வருகின்றன என்று தெரிந்ததும், 2004இல் அந்நிறுவனத்தின் வல்லுநர் குழு 23ஐயும் 27.5ஐயும் எச்சரிக்கைப் புள்ளிகளாகச் சேர்த்தது. 2009இல் இந்திய மருத்துவர்கள் கூடி 23க்கு மேல் கூடுதல் எடை, 25க்கு மேல் பருமன் என்று வகுத்தார்கள். ஆக, 145 சென்டிமீட்டர் உயரமும் 50 கிலோ எடையும் உள்ள ஒருவர் ஒரு கோட்டின்படி நார்மல், இன்னொரு கோட்டின்படி ஓவர்வெயிட். எந்தக் கோட்டை வைத்து எழுதினோம் என்று முகாம் சீட்டு சொல்வதில்லை.

இந்த எண்ணுக்கு எலும்பும் தசையும் கொழுப்பும் ஒன்றுதான். புனேயின் மருத்துவர் யாஜ்னிக், லண்டன் மருத்துவர் ஜான் யூட்கின் இருவரும் 2004இல் தங்கள் உடலையே உதாரணமாக லான்செட் இதழில் வைத்தார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. ஆனால் யூட்கின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக் உடலில் 21.2 விழுக்காடு. இதன் வேரை யாஜ்னிக்கின் குழு புனேவைச் சுற்றியுள்ள கிராமங்களில் 1990களிலிருந்து தேடிவந்தது. அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை சுமார் 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தைகளுடையது சுமார் 3.5 கிலோ. நம் குழந்தைகளுக்குத் தசை குறைந்திருந்தது, கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை. வயல் வேலையும் அரைவயிறுமாக இருந்த தாயின் வயிற்றிலேயே அது தொடங்கிவிடுகிறது. ஒல்லியாக இருப்பவருக்கு ஏன் சர்க்கரை என்று வியப்பவர்களுக்கு இதுதான் பதில். 2025 ஜனவரியில் லான்செட் அமைத்த ஆணையமும், பி.எம்.ஐ.யை மட்டும் வைத்து ஒருவருக்குப் பருமன் நோய் என்று முடிவு கட்டக் கூடாது, இடுப்புச் சுற்றளவையும் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டது.

வகுக்கும் எண்ணில் இருப்பது

இனி, செக்கிங் அக்காவின் சீட்டுக்குத் திரும்புவோம். 40 கிலோ நார்மல் ஆனது எப்படி? அவருடைய உயரம் 145 என்பதால். அதே 40 கிலோவோடு அவர் 155 சென்டிமீட்டர் வளர்ந்திருந்தால் எண் 16.6 ஆகியிருக்கும். மெலிவு என்று சீட்டில் எழுதி, மருத்துவமனைக்கு அனுப்பியிருப்பார்கள். குட்டையாகப் போனதால்தான் அவர் நார்மல்.

ஒரு தனிமனிதரின் உயரத்தில் பரம்பரைக்குப் பங்கு உண்டு. ஆனால் ஒரு சமூகமே குட்டையாக இருப்பதற்குப் பெரும் காரணம், கருவிலும் பிறந்த முதல் இரண்டு ஆண்டுகளிலும் கிடைக்காத உணவும், அசுத்தமான தண்ணீரில் திரும்பத் திரும்ப வந்த வயிற்றுப்போக்கும்தான். 145க்குக் கீழ் உயரமுள்ள தாய்மாருக்குப் பேறுகால ஆபத்து கூடுதல் என்று மருத்துவர்கள் கணக்கில் கொள்கிறார்கள். அக்கா அந்தக் கோட்டின் மேலேயே நிற்கிறார். அவருடைய அம்மா பண்ணையத்தில் கூலியாக வாங்கிய சோளமும் கம்பும், ஊர்க் கிணற்றில் எடுக்க முடியாத தண்ணீரும் சேர்ந்து உருவாக்கிய உயரம் அது. பி.எம்.ஐ. கணக்கு அந்த உயரத்தை இயற்கை என்று எடுத்துக்கொண்டு, அதற்கேற்ற எடை இருந்தால் போதும் என்கிறது. கணக்கில் வர்க்கம் என்பது ஒரு பெருக்கல். நம் வாழ்க்கையில் அதற்கு வேறு பொருளும் உண்டு. இந்த உயரத்துக்குள் சாதியும் சேர்ந்திருக்கிறது.

இரத்தத்தையும் இந்த எண் பார்ப்பதில்லை. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. அதே ஆய்வில் 18.5க்குக் கீழ் மெலிந்த பெண்கள் 12.6 விழுக்காடு மட்டுமே. 25க்கு மேல் உள்ளவர்கள் 40.4 விழுக்காடு. பாதிக்கு மேல் இரத்தசோகை, மெலிந்தவர்களோ எட்டில் ஒருவர். அப்படியென்றால் நார்மல், ஓவர்வெயிட் என்று சீட்டு வாங்கியவர்களில் பெரும் எண்ணிக்கையினர் இரத்தமில்லாமல் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். மாடி ஏறினால் கண் இருட்டுவது ஏன் என்பதற்கு முதலில் பார்க்க வேண்டியது ஹீமோகுளோபின். அந்த முகாமில் அது பார்க்கப்படவில்லை.

ஒன்றரை ஷிப்ட் உடல்

டைலர் அக்காவின் எடை எங்கிருந்து வந்தது? காலையில் எட்டரைக்கு உட்கார்ந்தால் இரவு எட்டரை வரை ஒன்றரை ஷிப்ட். ஷிப்மென்ட் நெருங்கினால் அதற்கும் மேல். பீஸ் ரேட்டில் எழுந்து நடந்தால் கூலி போகும். தண்ணீர் குடித்தால் கழிப்பறைக்கு எழ வேண்டும் என்று குடிப்பதில்லை. டீ வேளையில் டீயும் பன்னும் போண்டாவும். இரவு ஒன்பது மணிக்கு மேல் ரேஷன் அரிசிச் சோறும் இருக்கிற குழம்பும். மலிவாகக் கிடைக்கும் நல்ல புரதம் மாட்டுக்கறி. அதை டிபன் பாக்ஸில் கொண்டுபோகத் தயங்குகிறோம். ஏன் தயங்குகிறோம் என்பது எல்லாருக்கும் தெரியும்.

பனியன் கம்பெனி வேலையே எல்லாருக்கும் கிடைத்துவிடவில்லை. திருப்பூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் நெடுங்காலம் ஆய்வு செய்த கிரேஸ் கார்ஸ்வெல், கீர்ட் டி நீவ் இருவரும் 2014இல் எழுதிய கட்டுரையில், முன்பணக் கடனால் விசைத்தறியில் கட்டுண்டு, நகரத்துக் கம்பெனிக்கு வர முடியாமல் நின்றுவிட்ட அருந்ததியர் குடும்பங்களைக் காட்டினார்கள். இன்னொரு பக்கம், சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் ஸ்பின்னிங் மில் விடுதிகளில் அடைக்கப்பட்ட இளம்பெண்களில் பெரும்பகுதியினர் தலித் குடும்பத்தினர். வளர வேண்டிய வயதில் இரவு ஷிப்ட் பார்த்த பெண்கள் அவர்கள். மாதவிடாய் வலிக்குப் பெயர் இல்லாத மாத்திரைகள் கொடுக்கப்பட்டதை 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை வெளிக்கொணர்ந்தது.

1946இல் வைஸ்ராய் கவுன்சிலின் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அண்ணல், வாரம் 54 மணி நேர வேலையை 48ஆகக் குறைக்கும் திருத்தத்தைக் கொண்டுவந்தார். 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் நிறைவேறிய 12 மணி நேர வேலைக்கான திருத்தம், எதிர்ப்புக்குப் பின் மே நாளில் திரும்பப் பெறப்பட்டது. சட்டத்தில் திரும்பப் பெற்றார்கள். ஒன்றரை ஷிப்ட் அப்படியேதான் இருக்கிறது. அதை மாற்றாமல், சோற்றைக் குறை, நட என்று ஒரு பெண்ணிடம் சொல்வது பழியை அவர் தலையில் போடுவதாகும்.

அளக்க வேண்டும், யாருக்காக?

அப்படியானால் பி.எம்.ஐ. வேண்டாமா? வேண்டும் என்றே சொல்கிறோம். 1980இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டார்கள். எடை ஏறாத குழந்தைக்கு ஊட்டச்சத்து உருண்டை கொடுத்தார்கள். அங்கே எடை மிஷினுக்குப் பக்கத்தில் உணவு இருந்தது. அதே போல, மக்கள் தொகையில் 40 விழுக்காட்டுக்கு மேல் 18.5க்குக் கீழே இருந்தால் அது நெருக்கடி நிலை என்ற உலக சுகாதார நிறுவனத்தின் வரையறையைக் கையில் எடுத்து, இந்த நாட்டின் தலித்துகளும் பழங்குடியினரும் நிரந்தரப் பஞ்சத்தில் வாழ்கிறார்கள் என்று வாதாடியவர் மருத்துவர் பினாயக் சென். ஒரு சமூகத்தின் பசிக்குச் சாட்சி சொல்ல இந்த எண் உதவும். கெட்லே அதைக் கண்டதும் கூட்டத்தைப் பற்றிச் சொல்லத்தான். தனி ஒரு பெண்ணுக்குத் தீர்ப்பு எழுதும்போதுதான் அது பிழைபடுகிறது.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை சில உண்டு. முகாமில் எடை, உயரத்தோடு ஹீமோகுளோபினும் சர்க்கரையும் இடுப்புச் சுற்றளவும் பார்க்கப்பட வேண்டும். குறை தெரிந்தால் சம்பளத்தோடு விடுப்பு கொடுத்து இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். மாதாமாதம் நம் கூலியிலிருந்து 0.75 விழுக்காடு அதற்காகத்தான் போகிறது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் கேண்டீன் வேண்டும் என்றது. அங்கே முட்டையும் பருப்பும் கிடைக்க வேண்டும். பரிசோதனை முடிவு தொழிலாளியின் உடைமை, அதைக் காட்டி யாரையும் வேலையிலிருந்து நிறுத்தக் கூடாது. தொழிலாளர் உடல்நலம் பற்றி அரசு எடுக்கும் கணக்கு சாதிவாரியாகவும் வேலைவாரியாகவும் வெளியிடப்பட வேண்டும். எல்லாரையும் ஒரே சராசரியில் கலந்துவிட்டால் நம் பசி அதில் கரைந்துபோகும்.

செக்கிங் அக்காவை அடுத்த வாரம் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். ஹீமோகுளோபின் எட்டரை இருந்தது. பன்னிரண்டு இருக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். முகாம் சீட்டையும் மருத்துவமனைச் சீட்டையும் ஒன்றாக மடித்துப் பர்சில் வைத்துக்கொண்டார். "ரெண்டையுங் கொண்டுபோயி சூப்பர்வைசர்கிட்டக் காட்டோணுங்க" என்றார். நாங்களும் கூடப் போகிறோம்.